குற்றமில்லை என்றாகிவிட்டது, இன்னும் எதற்குப் போராட்டம்?

"தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாலு சுவருக்குள் அவரவர் விருப்பப்படி இருந்துகொள்ளலாம். அப்புறம் எதற்கு ஊர்வலம், வானவில் கொடி, வழக்குமேல் வழக்கு? தனிப்பட்ட விஷயத்தை ஏன் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள்?" கேள்வி இதுதான். இதைக் கிண்டலாகக் கேட்பவர்கள் உண்டு. நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நாலு சுவரையே எடுத்துக்கொள்வோம். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது?

நியூயார்க்கில் மிகெல் பிராஸ்கி, லெஸ்லி பிளான்சர்ட் என்ற இரண்டு ஆண்கள் 1975 முதல் ஒரே வீட்டில் தம்பதியாக வாழ்ந்தார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட வீடு. வாடகை ஒப்பந்தம் பிளான்சர்ட் பெயரில் இருந்தது. 1986இல் அவர் இறந்துபோனார். பதினோரு வருடம் அங்கேயே குடியிருந்த பிராஸ்கியைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. வாடகைதாரர் இறந்தால், கூட வாழ்ந்த கணவன் மனைவியையோ குடும்பத்தினரையோ வெளியேற்றக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் பிராஸ்கி எந்தக் குடும்பம்? வழக்கு மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம்வரை போனது. 1989இல் அந்த நீதிமன்றம், குடும்பம் என்பதைத் திருமணச் சான்றிதழையோ தத்தெடுப்பு ஆணையையோ மட்டும் வைத்து அளக்க முடியாது, இருவரும் எப்படி வாழ்ந்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிராஸ்கிக்கு வீடு தங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அதே நீதிமன்றம் 1980லேயே செல்லாது என்று சொல்லியிருந்தது. அதாவது, பிராஸ்கி அந்த வீட்டின் படுக்கையறைக்குள் என்ன செய்தார் என்று கேட்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. அந்த வீட்டில் இருப்பதற்கு அவருக்கு என்ன உரிமை என்று மட்டும் கேட்கலாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி இதைவிடக் கொடுமை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஷாரன் கோவால்ஸ்கி, கேரன் தாம்ப்சன் என்று இரண்டு பெண்கள். மோதிரம் மாற்றிக்கொண்டு நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. 1983 நவம்பரில் ஒரு கார் விபத்தில் ஷாரனுக்கு மூளையில் கடுமையான காயம். நடக்க முடியாது, பேச்சும் போய்விட்டது. சட்டப்படிப் பாதுகாவலர் யார் என்ற கேள்வி வந்தபோது, அது அப்பாவுக்குப் போனது. அவர் கேரனை உள்ளேயே விடக் கூடாது என்று தடுத்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் இருவரும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. 1991 டிசம்பரில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் கேரனைப் பாதுகாவலராக்கியது. எட்டு வருடம். இந்த வழக்குக்குப் பிறகு, பல இணையர்கள், தனக்கு முடியாமல் போனால் சிகிச்சை முடிவுகளைத் துணையே எடுக்கலாம் என்று அவசர அவசரமாக மருத்துவ அதிகாரப் பத்திரம் எழுதிவைக்க ஆரம்பித்தார்கள். புதுமணத் தம்பதிகள் யாராவது முதல் வேலையாக அதைச் செய்வார்களா? அவர்களுக்குத் தேவைப்படாது. நர்ஸ் கேட்டால் "நான் அவர் மனைவி" என்று சொன்னால் போதும்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செய்தித்தாள்களில் இன்னமும் அடிக்கடி வரும் சொல் 'ஓரினச்சேர்க்கை'. அதில் இருக்கும் 'சேர்க்கை' ஒரு மனிதரின் முழு வாழ்க்கையையும் ஒரு செயலாகச் சுருக்கிவிடுகிறது. அந்தச் சொல்லால் யோசித்தால் 'நாலு சுவருக்குள்' என்ற வாதம் தானாகவே வந்துவிடும். 'தன்பாலீர்ப்பு' என்று சொல்லிப் பாருங்கள். ஈர்ப்பு என்றதும் காதல் வருகிறது, கூட வாழ்வது வருகிறது, நோய்வாய்ப்பட்டால் கஞ்சி வைத்துக் கொடுப்பது வருகிறது. திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் வந்தபின் பழைய வசவுச் சொற்கள் கூச வைத்ததைப் போலத்தான் இதுவும்.

சரி, குற்றமில்லை என்று சட்டம் சொல்வது உண்மையில் எவ்வளவு தருகிறது? இங்கிலாந்தைப் பார்க்கலாம். 1957இல் அரசு அமைத்த உல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்து, 1967இல் சட்டம் வந்தது. இரண்டு ஆண்கள், இருவருக்கும் 21 வயதுக்கு மேல், தனிமையில் என்றால் குற்றமில்லை. 'தனிமை' என்பதற்கு, மூன்றாவது நபர் அங்கே இருக்கவே கூடாது என்று பொருள். எதிர்பாலினத்தவருக்குச் சம்மத வயது 16ஆக இருந்தபோது இவர்களுக்கு 21. இந்த வித்தியாசம் தீர 2001 ஆனது. ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் அந்தச் சட்டம் பொருந்தவும் இல்லை. வடக்கு அயர்லாந்தில் ஜெஃப்ரி டட்ஜன் என்பவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 1981இல் ஜெயித்த பிறகே அங்கு மாறியது.

இதற்கெல்லாம் மேலே 1988இல் ஒரு சட்டம் வந்தது. பிரிவு 28 என்பார்கள். தன்பாலீர்ப்பை ஏற்கத்தக்க குடும்ப உறவாகப் பள்ளிகளில் கற்பிப்பதை உள்ளாட்சி அமைப்புகள் ஊக்குவிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகம் அந்த உறவை 'போலிக் குடும்ப உறவு' என்ற பொருளில் குறிப்பிட்டது. குற்றமில்லை என்றாகி 21 வருடம் கழித்து எழுதப்பட்ட வாசகம் இது. படுக்கையறையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள், 'குடும்பம்' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 2003வரை இங்கிலாந்தில் அது நடைமுறையில் இருந்தது.

சிங்கப்பூரில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிரிட்டிஷ்காரர்கள் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் இந்த உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு, அவர்கள் போன இடமெல்லாம் கூடவே போனது. மலேசியா, இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா என்று அதன் சாயல் இல்லாத காலனியைத் தேட வேண்டும். சிங்கப்பூரில் அதோடு ஆண்களுக்கென்றே 377ஏ என்று தனிப் பிரிவும் சேர்ந்தது. 2022 நவம்பரில் அதை நீக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தது. அதே அமர்வில் அரசியல் சாசனத்தையும் திருத்தி, திருமணத்துக்கு நாடாளுமன்றம் சொல்லும் விளக்கத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். ஒரு கதவைத் திறக்கும்போதே பக்கத்துக் கதவை அடைத்தாயிற்று.

இந்தியாவில் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப இறுக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மறுபடியும் தளர்த்தியது. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமை வழக்கில் அதே நீதிமன்றம், திருமணம் என்பது அடிப்படை உரிமை இல்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. ஆக இந்தியா இன்று, பிராஸ்கிக்கு நோட்டீஸ் வந்த நாளின் நியூயார்க்கில் ஏறக்குறைய நிற்கிறது.

இன்னும் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது குற்றமாகவே இருக்கிறது. உகாண்டா 2023இல் சில சூழல்களுக்கு மரண தண்டனைவரை கொண்டுவந்தது. அங்கே போராட்டம் வேறு கட்டத்தில் இருக்கிறது, அதை இந்தக் கேள்விக்குள் கொண்டுவரவில்லை.

இனி ஊர்வலத்துக்கு வருவோம். பொதுவாகச் சொல்லப்படும் கதை, 1969 ஜூன் 28 அதிகாலையில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் என்ற பாரில் போலீஸ் ரெய்டு நடந்தது, உள்ளே இருந்தவர்கள் திருப்பி எதிர்த்தார்கள், அடுத்த வருடம் அதே நாளில் முதல் ஊர்வலம் என்பது. சரியான கதைதான். ஆனால் "மதுக்கடையில் தொடங்கிய இயக்கம்" என்று சிலர் இளக்காரமாகப் பேசும்போது எனக்கு எரிச்சல் வரும். ஏன் பார்? வேறு எங்கே போவார்கள்? பிறந்த வீட்டில் சொல்ல முடியாது. வேலையிடத்தில் தெரிந்தால் வேலை போகும். தன்பாலீர்ப்பாளர்களுக்கு மது ஊற்றினாலே அது ஒழுங்கற்ற கடை என்று உரிம அதிகாரிகள் பார்த்த காலம் அது. 1966இல் சிலர் வேண்டுமென்றே ஒரு பாருக்குப் போய், "நாங்கள் தன்பாலீர்ப்பாளர்கள், குடிக்கக் கொடுங்கள்" என்று கேட்டு, மறுப்பைப் பதிவு செய்யும் போராட்டமே நடத்தினார்கள். நேர்மையான கடைக்காரர் பயந்து ஒதுங்கிய இடத்தில் மாஃபியா நுழைந்தது. ஸ்டோன்வாலும் அவர்களுடையதுதான். கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவக் குழாய்த் தண்ணீர்கூட இல்லாத இடம். அவ்வளவு மட்டமான இடத்துக்கும் மக்கள் போனார்கள் என்றால், அதுதான் அவர்களுக்கிருந்த கூடம், திண்ணை எல்லாம்.

அந்த வட்டத்தில் இருந்த திருநங்கை சில்வியா ரிவேரா சுமார் பதினோரு வயதில் வீட்டைவிட்டு வெளியேறியவர். அவரும் மார்ஷா பி. ஜான்சனும் 1970இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, தெருவில் கிடந்த மாற்றுப்பாலினச் சிறுவர் சிறுமியருக்கு ஒரு வீடு பிடித்தார்கள். அவர்களுக்கே நிலையான வருமானம் இல்லை. பாலியல் தொழிலில் கிடைத்த பணத்தில் வாடகை கொடுத்தார்கள். இளையவர்கள் அந்தத் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது நோக்கம். 1973 ஊர்வலத்தின் மேடையில் இதே சில்வியாவைக் கூட்டம் கூச்சலிட்டு எதிர்த்தது. மரியாதையான முகங்களை முன்னே நிறுத்தினால் சீக்கிரம் உரிமை கிடைக்கும் என்று கணக்குப் போட்ட தன்பாலீர்ப்பாளர்களுக்கு, திருநங்கைகள் கூட வருவது சங்கடமாக இருந்தது. இயக்கத்தின் பெருமைகளைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும்.

குடும்பம் தள்ளிவிட்டால் இன்னொரு குடும்பத்தைக் கட்டிக்கொள்வது இந்த மக்கள் எல்லா இடத்திலும் செய்த காரியம். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1970களில் 'ஹவுஸ்' என்ற பெயரில் குழுக்கள் உருவாயின. கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் அதிகம். கிரிஸ்டல் லபெய்ஜா தொடங்கிய வீடு அவற்றில் முன்னோடி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாய், சிலவற்றுக்குத் தந்தை, மற்றவர்கள் பிள்ளைகள். நடன மேடையில் கோப்பைக்குப் போட்டி போடுவார்கள், அது வெளியே தெரிவது. உள்ளே அந்தத் தாய் சோறு போட்டாளா, காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டாளா என்பதுதான் விஷயம். தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. திருநங்கைகளின் ஜமாத்தில் ஒருவர் இன்னொருவரை மகளாக ஏற்பதும், தாய்க்குத் தாய் நானி, அதாவது பாட்டி, ஆவதும் இதேதான். ஒன்றையொன்று பார்த்திராத இரண்டு சமூகங்கள் ஒரே உறவுச் சொற்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை வெறும் பாசக் கதையாக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஜமாத்தில் கட்டுப்பாடும் உண்டு, அபராதமும் உண்டு. பிறந்த குடும்பங்களிலும் அதற்கெல்லாம் குறைவில்லையே.

இந்தக் கட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு வந்த பெரிய சோதனை எய்ட்ஸ். 1981 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. அடுத்த பதினைந்து வருடம், சிகிச்சை வரும்வரை, நண்பர்கள் நண்பர்களைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள், எடுத்துப் போட்டார்கள். ரத்தம் கொடுக்கத் தன்பாலீர்ப்பு ஆண்களுக்குத் தடை வந்தபோது சான் டியேகோவில் தன்பாலீர்ப்புப் பெண்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்த ஆண்களோடு அதுவரை பெரிய ஒட்டுதல் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாவுக்குப் பிறகு நடந்ததுதான் போராட்டத்தின் திசையை மாற்றியது. மகன் எங்கே என்றே கேட்காத பெற்றோர் இறந்த மறுநாள் வந்து நின்றார்கள். சட்டப்படி அவர்கள்தான் வாரிசு. உடலை அவர்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள், வீட்டைப் பூட்டினார்கள், காரணத்தை மறைத்தார்கள். இரவு பகலாகப் பார்த்துக்கொண்டவர் வாசலில் நின்றார். பல இறுதிச் சடங்கு நிலையங்கள் உடலைத் தொடவே மறுத்தன. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரிக்கப்பட்ட நினைவுப் போர்வை இதற்கு வந்த பதில். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துணித்துண்டு, மூன்றடிக்கு ஆறடி. ஒரு மனிதரின் சவக்குழி அளவு. அன்றைக்கு 1,920 துண்டுகள். கல்லறையில் இடம் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் அங்கே போய் அழ அனுமதிக்கப்படாதவர்களுக்கும் அது பொது மைதானத்தில் ஓர் இடம் கொடுத்தது. இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை இந்தச் சமூகத்தில் பலருக்குத் திருமணம் என்றாலே ஆகாது. அடுத்தவர் போட்ட சட்டையை நாம் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பார்கள். அந்த வாதத்தில் இன்றைக்கும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் மருத்துவமனை வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு தலைமுறைக்கு, அந்தச் சான்றிதழ் ஒரு நுழைவுச் சீட்டாகத் தெரிந்தது. 1989இல் டென்மார்க் இணையர் பதிவைக் கொண்டுவந்தது. 2001 ஏப்ரல் 1 அன்று நெதர்லாந்தில் முதல் திருமணங்கள் நடந்தன. ஆசியாவில் 2019இல் தைவான், 2025 ஜனவரியில் தாய்லாந்து. அமெரிக்காவில் ஈடித் வின்ட்சர் நாற்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த தியா ஸ்பையர் இறந்தபோது, மத்திய அரசு அவரை மனைவியாக ஏற்காததால் 3,63,053 டாலர் வாரிசு வரி கட்டினார். அதை எதிர்த்து 2013இல் வென்றார்.

அந்தத் தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில், ஒஹையோவைச் சேர்ந்த ஜிம் ஓபர்கஃபெல், நரம்பு நோயால் படுத்த படுக்கையாகிவிட்ட ஜான் ஆர்தரை மருத்துவ வசதி கொண்ட ஒரு சிறு விமானத்தில் மேரிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே அவர்களின் திருமணம் சட்டப்படி செல்லும், ஒஹையோவில் செல்லாது. ஓடுதளத்தில் நின்ற விமானத்துக்குள்ளேயே சில நிமிடங்களில் திருமணம் முடிந்தது. மூன்று மாதத்தில் ஜான் இறந்தார். ஜிம் கேட்டது, இறப்புச் சான்றிதழில் 'உயிரோடு இருக்கும் துணை' என்ற இடத்தில் தன் பெயர் வேண்டும் என்பதுதான். 2015இல் நாடு முழுவதற்கும் திருமண உரிமை தந்த வழக்கு பிறந்தது அந்த ஒற்றை வரியிலிருந்துதான்.

திருநர்களுக்கு இந்தக் காகிதப் பிரச்சினை இன்னும் முன்னாலேயே, சொந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டனில் கிறிஸ்டின் குட்வின் என்ற பெண், பிறப்பில் ஆண் என்று பதிவானதால், மற்றப் பெண்களைப் போல 60 வயதில் ஓய்வூதியம் பெற முடியவில்லை. 65வரை காத்திருக்க வேண்டும். அவர் ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2002இல் வென்று, 2004இல் சட்டம் மாறியது. அர்ஜென்டினா 2012இல் மருத்துவர், நீதிபதி யாருடைய ஒப்புதலும் கேட்காமல் சுய அறிவிப்பே போதும் என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் பாலின அடையாளத்தைத் தீர்மானிப்பது அவரவர்தான் என்று சொன்னது, 2019இல் வந்த திருநர் சட்டம் இடையில் மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை வைத்தது.

இந்தியாவில் இப்போது நடப்பதில் எனக்கு நம்பிக்கை தருவது சென்னை உயர் நீதிமன்றம். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுக்க, பெண்கள் போலீஸிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் போய்க் கேட்டறிந்த பிறகு 2021 ஜூனில் உத்தரவிட்டார். இப்படி ஓடிவந்தவர்கள் வயதுவந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை கூடாது என்பவை அதில் இருந்தன. 2025 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, பெற்றோர் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய தோழியோடு போக அனுமதித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை என்றும் சொன்னது. பிராஸ்கி வழக்கில் நியூயார்க் நீதிபதிகள் வந்துசேர்ந்த இடமும் இதுதான்.

அரசுத் தரப்பிலும் கொஞ்சம் அசைவு உண்டு. 2024 ஆகஸ்ட் மாத வாக்கில் மத்திய அமைச்சகங்கள் சில விளக்கங்கள் வெளியிட்டன. இணையர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை, ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, துணை இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். மூன்றாவதில் மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது: நெருங்கிய உறவினர் யாரும் இல்லாதபோது.